ஹக்கீம் மோட்டாரைப் போடவில்லை

ஹக்கீம் மோட்டாரைப் போடவில்லை. நான்தான் பொய் சொன்னேன். போதுமா? விவரமும் வேண்டுமா உங்களுக்கு? வேண்டும்தான்... அடுத்தவன் குற்றம் கேட்க யாருக்குக் கசக்கும்!

தஞ்சாவூரில் இருந்துகொண்டு, பம்புசெட்டைக் கைப்பேசியால் இயக்கும் பெட்டி செய்து விற்பவன் நான். பெட்டிக்குள் ஒரு சிறிய இயங்குதளம். இணையம் வழியே வெளியுலகோடு பேச அதற்கிருந்த ஒரே வாசல், 'சாக்கெட்' என்னும் நிரல். இயங்குதளம் செய்தவர்கள் அந்த வாசலைக் கட்டி முடிக்காமலே கொடுத்திருந்தார்கள்! இணைப்பு அறுந்துவிட்டதா என்று பார்த்துச் சொல்லவேண்டிய பகுதிக்குப் பெயர் இருந்தது, உள்ளே ஒன்றுமில்லை. நான் அதில் ஒரே வரி எழுதினேன்: எப்போது கேட்டாலும் 'நலம்' என்று சொல். பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்று நினைத்தேன். நினைத்தேனா? இல்லை... அன்றே மறக்கத் தீர்மானித்துவிட்டேன்.

திருவாரூர் பக்கத்தில் ஜமாலுக்கும் தம்பி ஹக்கீமுக்கும் பொது நிலம். ஜமால் குவைத்தில்; வயலில் உழைத்தது ஹக்கீம். மும்முனை மின்சாரம் வந்ததும் மோட்டார் தானே ஓடும்படி இங்கே எல்லோரும் 'ஆட்டோ'வில் போட்டுவைப்பார்கள். சம்பா அறுப்புக்குப் பத்து நாள் முன்பு அதை நிறுத்தி வயலைக் காயவிட வேண்டும். ஜமால் குவைத்திலிருந்தே என் பெட்டிக்கு நிறுத்தக் கட்டளை அனுப்பினார். கைப்பேசியில் பச்சைக்குறி விழுந்தது. கட்டளை கிளம்பினாலே விழும் குறி அது. போய்ச் சேர்ந்ததற்கு அல்ல. அண்ணன் நிறுத்திவிட்டார் என்ற நம்பிக்கையில் ஹக்கீம், மனைவியின் பிரசவத்துக்காகத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போனார்.

இணைப்போ முன்பே அறுந்துகிடந்தது. பெட்டி மறுபடி இணைய முயலாமல் 'நலம், நலம்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தது! மின்சாரம் வந்தபோதெல்லாம் மோட்டார் இறைத்தது. ஐந்து நாள் கழித்து ஹக்கீம் திரும்பியபோது முற்றிய கதிர் தண்ணீரில் சாய்ந்து முளைவிட்டிருந்தது.

என்னைக் கூப்பிட்டார்கள். வரப்பில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தேன். பெட்டியின் இயக்கப் பதிவு தெளிவாக இருந்தது. நிறுத்தச் சொன்ன கட்டளை பெட்டிக்கு வந்து சேரவேயில்லை. என் வரி!

வீடியோ அழைப்பில் ஜமால் கேட்டார்: "மெஷின்ல கோளாறா சார்? உள்ளதைச் சொல்லுங்க."

சுற்றுவட்டாரம் முழுக்க என் பெட்டிகள்... மடிக்கணினியை மூடினேன்.

"மெஷின் சரியாத்தான் இருக்குங்க. யாரோ கையால மறுபடி ஆட்டோல போட்டிருக்காங்க."

யாரோ! மோட்டார் கொட்டகைச் சாவி ஹக்கீமிடம் மட்டும்தான் என்பது எனக்குத் தெரியாதா?

"அல்லா மேல ஆணையா நான் தொடலண்ணே!" என்றார் ஹக்கீம்.

"அப்ப மெஷின் பொய் சொல்லுதாடா?" என்றார் ஜமால். அந்த வருடமே ஜமால் நிலத்தை வேறொருவருக்குக் குத்தகைக்கு விட்டார். அண்ணன் தம்பி பேச்சும் நின்றது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

இயங்குதளம் செய்தவன் மீதும் பாதிக் குற்றம் என்கிறீர்களா? வாயை மூடுங்கள். அவன் வெறுமையாக விட்டான். அதைப் பொய்யால் நிரப்பியது நான். மற்றப் பெட்டிகளையெல்லாம் ஓசையில்லாமல் திருத்திவிட்டேன். 'அப்டேட்' என்று சொன்னேன். எனக்கு நன்றி வேறு சொன்னார்கள்!

போன வாரம் பேருந்து நிலையத்தில் ஹக்கீமைப் பார்த்தேன். இப்போது லோடு ஆட்டோ ஓட்டுகிறார். என் மீது அவருக்குத் துளியும் கோபமில்லை... அதுதான் என்னைக் கொல்கிறது!

"பிரசவப் பதட்டத்துல நானே கை தவறிப் போட்டிருப்பேனோ என்னமோ சார்... நெனச்சு நெனச்சுப் பாக்குறேன், ஞாபகம் வர மாட்டேங்குது" என்றார்.

செய்யாத ஒன்று எப்படி ஞாபகம் வரும்? அதைச் சொல்ல எனக்கு வாய் இருந்தது. எதிரில் அவர் நின்றுகொண்டிருந்தார்.

"இருக்கலாங்க" என்றேன்.