சர்வருக்குத் தெரியாத ரயில்

போன திங்கட்கிழமை காலை ஒரு பெரியவர் என் அறை வாசலில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். என்னைத் திட்டுவதற்கு வசதியான இடம் அதுதான் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்க வேண்டும்.

பெயர் தங்கையன். பூவார்க்காரர். சுகர் டெஸ்டுக்காக முந்தின இரவோடு சாப்பாட்டை நிறுத்திவிட்டு வந்தவர். நான் நெய்யாற்றின்கரைப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் மேய்க்கிறவன். ஏதாவது ஓடவில்லை என்றால் என்னைத் தேடுவார்கள். எல்லாம் ஓடினால் நான் யாரென்றே தெரியாது.

“எலே, ரெத்தம் எடுக்க கம்ப்யூட்டர் எதுக்குடே? ஊசி போராதா?” என்றார்.

நியாயமான கேள்வி. எங்கள் லேபில் போதாது. பெயரும் பார்கோடும் அச்சாகி டியூபில் ஒட்டினால்தான் ஊசி. அச்சடிக்க வேண்டிய லேப் சர்வரோ எழுந்திருக்கவில்லை. ஏன்? ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்த கையோடு வந்து, நான் ஓர் ‘அப்கிரேட்’ செய்திருந்தேன்.

கொஞ்சம் விளக்குகிறேன்... கொட்டாவி விடாதீர்கள். இப்போதெல்லாம் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி கம்ப்யூட்டர் கிடையாது. ஹோஸ்ட் என்ற பெரிய மெஷின் ஒன்று. அதற்குள் லேப், பில்லிங், மருந்துக்கடை என்று பல சர்வர்கள் குடித்தனம். இந்தக் குடித்தனங்களை மேய்க்க ஒரு மேனேஜர் சாஃப்ட்வேர். அந்த மேனேஜருக்குத்தான் புது வெர்ஷன் போட்டேன். முன்ஜாக்கிரதையாக லேப் சர்வரை அணைத்து பேக்கப் வேறு எடுத்தேன்; ஞாயிறு லேப் லீவுதானே என்று எழுப்புவதைக் காலைக்குத் தள்ளினேன். அதுதான் வினை. அணைத்ததை இனி மேனேஜர்தான் எழுப்ப வேண்டும். நேராக ஹோஸ்டுக்குப் போகும் வழியை, பாதுகாப்பு ஆடிட்காரர்கள் சொன்னார்கள் என்று முன்பே பூட்டியாகிவிட்டது. திருடனும் வர முடியாது, நானும் வர முடியாது. பரம பாதுகாப்பு!

மேனேஜருக்குள் லாக்-இன் ஆகிறது. ஹோஸ்டைத் தொட்டால் மட்டும் ஒரே பதில் – ‘அனுமதி காலாவதியாகிவிட்டது.’ இப்போதுதானே ஐயா கொடுத்தார்கள்? பிறந்த உடனேயே காலாவதியாகுமா?

லேபிலிருந்து ஸ்டெல்லா அக்கா ஓடி வந்தார். “மக்கா, வெளிய ஒரு கூட்டமே பட்டினி கெடக்கு. ஒருத்தருக்குத் தலை சுத்துதாம். வல்லதும் வழி செய்யும்.”

ஸ்டெல்லா அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாறசாலைக்காரர். மாலை ஐந்துக்கு டியூட்டி முடிந்ததும் வருகையைப் பதியும் பஞ்சிங் மெஷினில் விரலை வைத்துவிட்டு ஸ்டேஷனுக்கு ஓடுவார். அந்த ரயில் கிடைத்தால் டே-கேர் மூடுவதற்குள் மகளைக் கூட்டிக்கொள்ளலாம். விட்டால் அடுத்தது இருட்டிய பிறகுதான். அப்படி ஒரு நாள் அந்தக் குழந்தை வாட்ச்மேனோடு கேட்டில் நின்று அழுதிருக்கிறது. அக்கா அதை இன்னும் மறக்கவில்லை.

சாஃப்ட்வேர் கம்பெனியின் சப்போர்ட்டுக்குப் போன் போட்டேன். எங்கோ குளிரூட்டிய அறையிலிருந்து ஓர் இளைஞர் அன்பாகப் பேசினார். ரீஸ்டார்ட் செய்யுங்கள் என்றார். செய்தேன். லாக் ஃபைல் அனுப்புங்கள் என்றார். அனுப்பினேன். மறுபடியும் ரீஸ்டார்ட் என்றார். இதற்கா நான் படித்தேன்?

“ஹோஸ்டில் நேரம் சரியாக இருக்கிறதா சார்?” என்றார் கடைசியில்.

ஹோஸ்ட் அனுப்பிய பதிலில் மணி எட்டரை. நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். எட்டரை. “ரொம்பச் சரி” என்றேன், கொஞ்சம் எரிச்சலாகவே.

வாசலிலிருந்து தங்கையன் சத்தம் போட்டார். “எங்கடே எட்டர? எனக்க வாச்சுல எட்டு இருவதுதான். ஒங்க ஆசுவத்திரியில பத்து நிமிசம் கூடுதல் பட்டினியாக்கும்!”

சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தேன். எட்டு இருபது.

விஷயம் இதுதான். கொல்லயில் ஊரிலிருந்து பாறசாலை வரை, ரயிலில் வேலைக்குப் போகிற எந்த வீட்டிலும் கடிகாரம் சரியாக ஓடாது. பத்து நிமிடம் முன்னால் ஓடும். என் வீட்டிலும் அப்படித்தான். ரயிலைப் பிடிக்க நம்மை நாமே ஏமாற்றிக்கொள்கிற ஏற்பாடு. எங்கள் ஆஸ்பத்திரியில் பாதிப் பேர் ரயில்காரர்கள். எந்தப் புண்ணியவானோ சுவர்க் கடிகாரத்தோடு நிறுத்தாமல் ஹோஸ்டின் நேரத்தையும் தள்ளி வைத்துவிட்டான். பஞ்சிங் மெஷின் ஹோஸ்டைப் பார்த்து மணி சொல்லும். காலையில் பத்து நிமிடம் முன்னால் வருகிறோம், மாலையில் பத்து நிமிடம் முன்னால் போகிறோம். யாருக்கு நஷ்டம்? வருடக்கணக்கில் பழகிப்போய், அது தப்பு என்பதே என் கண்ணில் படவில்லை. பூவாரில் ரயில் கிடையாது. அதனால் தங்கையனிடம் சரியான மணி இருந்தது.

புது வெர்ஷன் மேனேஜரோ அரிச்சந்திரன். பழையதைப் போல ஹோஸ்டின் மணியை நம்பாமல், நேரத்தை இன்டர்நெட்டிலிருந்து நேராக வாங்கிக்கொண்டது. எட்டு இருபதுக்கு அது கொடுக்கும் அனுமதிக்கு ஐந்து நிமிடம்தான் ஆயுள். ஹோஸ்டில் மணி எட்டரை. பழைய சீட்டு, போ என்று தள்ளிவிட்டது.

சர்வர் ரூமுக்கு ஓடி, ஹோஸ்டின் எதிரிலேயே நின்று, ஆடிட்காரர்கள் பூட்டாமல் விட்டிருந்த ஒரே விஷயமான நேரத்தைத் திருத்தினேன். லேப் சர்வர் எழுந்தது. தங்கையன் ரத்தம் கொடுத்து, கான்டீனில் புட்டும் கடலையும் முடித்துவிட்டு வந்து, “இனியாவது ஒழுங்கா இரி” என்று ஆசீர்வதித்துப் போனார்.

கதை முடிந்தது என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் நினைத்தேன்.

மத்தியானம் ஸ்டெல்லா அக்கா வந்தார். “மக்கா, பஞ்சிங் மெஷின்ல மணி பத்து நிமிசம் பொறத்த போயிருக்கே?”

“இதுதான் அக்கா சரியான மணி.”

“செரியான மணிய வச்சு நான் என்ன செய்ய? ரெயிலு போயிருமே. பிள்ள கேட்டுல நிக்குமே மக்கா...”

எனக்கு மிகவும் சங்கடமாகப் போயிற்று. நான் முன்னேற்றிய முன்னேற்றத்தில் ஒரு குழந்தை தெருவில் நிற்கப் போகிறது!

நிர்வாக அதிகாரியிடம் போனேன். டியூட்டி நேரத்தையே பத்து நிமிடம் முன்னால் வைத்துவிட்டால் என்ன சார்? காலையிலும் மாலையிலும் கணக்கு சரியாகிவிடுமே?

“அதொக்கெ போர்டு மீட்டிங்கில் வெக்கணும்” என்றார்.

மீட்டிங் எப்போது?

“அது தீருமானிச்சிட்டில்லா.” இன்னும் முடிவு செய்யவில்லையாம்.

பொய் மணியில் இத்தனை வருடம் ஓடியதற்கு எந்தப் போர்டும் கூடவில்லை. உண்மை மணி வந்ததும் போர்டு கூட வேண்டுமாம்! நாடு முழுக்க இதே வெர்ஷன்தான் போலிருக்கிறது.

மாலை நெருங்கும்போது பஞ்சிங் மெஷினுக்கும் ஹோஸ்டுக்கும் நடுவிலிருந்த இணைப்பைக் கழற்றினேன். அதன் கடிகாரத்தைக் கையால் பத்து நிமிடம் முன்னால் தள்ளினேன். சர்வர்கள் சத்தியத்தோடு வாழட்டும். மனிதர்களுக்கு ரயில் பிடிக்க வேண்டும்.

மெஷினில் ஐந்து மணி. ஸ்டெல்லா அக்கா விரலை வைத்தார், ஓடினார். ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து மூச்சு வாங்கியபடி டே-கேருக்குப் போன் செய்து, “வாறேன், இன்னா வந்தாச்சு” என்று சொல்லிச் சிரித்தார்.

அது எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? எதிர் சீட்டில் நான்தானே இருந்தேன்.