ஜாடிக்குள் பாரை மீன்

ஐந்தாம் வகுப்பு முடிந்த விடுமுறையில், எனக்கு இங்கிலீஷ் படிக்க வருகிறதா என்று பார்க்க அத்தை என்னை அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனாள். ‘செத்த காலேஜ்’ என்றுதான் அவள் அதைச் சொல்வாள். பழைய சென்னைக்காரர்களுக்கு மிருகக்காட்சிசாலை உயிர் காலேஜ், இது செத்த காலேஜ்.

அவள் அப்பாவின் அக்கா. பட்டினப்பாக்கத்தில் அம்மாவும் அவளும் அடுத்தடுத்து உட்கார்ந்து மீன் விற்றார்கள். என்னை ஆறாம் வகுப்பில் இங்கிலீஷ் மீடியத்தில் போட அம்மாவுக்கு ஆசை. மீன் விற்க உட்காரவைத்துவிட வேண்டும் என்று அத்தை ஒற்றைக்காலில் நின்றாள். அக்கா பேச்சை அப்பா தட்டமாட்டார். “அங்க எல்லாம் இங்கிலீஷ்ல எழுதிக்கீதாம். படிச்சிக் காட்டட்டும், நானே இஸ்கூல்ல சேத்து உடறேன்” என்று அத்தை சொல்லியிருந்தாள். அம்மாவும் கூட வந்தாள்.

எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டிய முதல் ஆள் நான். அந்தத் திமிர் நிறையவே உண்டு. ஆங்கிலம்தான் அவ்வளவாக இல்லை.

ஓவியக்கூடத்தில் படத்தின் கீழிருந்த முதல் அட்டையை உற்றுப் பார்த்தேன். ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. படத்தில் ஒரு பெண் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். “இவங்க ராணி. ராஜா கப்பல்ல போயிட்டாரு, இன்னும் வரல” என்று அட்டைமேல் விரலை ஓட்டிச் சொன்னேன். பக்கத்துப் படத்துத் தாடிக்காரரை ராணியின் மாமனாராக்கினேன்.

அத்தை உச்சுக்கொட்டினாள். “பாவம்டி. அப்பால வந்தானா இல்லியா?”

எனக்கு நிற்கவே முடியவில்லை. அவள் அடுத்த கேள்வி கேட்பதற்குள் வேறு படத்துக்கு ஓடினேன், அங்கிருந்து இன்னொன்றுக்கு. வெளியே போய்விட்டால் போதும் என்றிருந்தது. ஆனால் வெளியே போகிற வழியில் மீன்கள் இருந்தன, கண்ணாடி ஜாடிகளில் வெளுத்துப்போய்.

“இதுல இன்னா போட்டுக்கீது?”

மீனைப் பார்க்காமல் அட்டையையே பார்த்துக்கொண்டு “வஞ்சிரம்” என்றேன்.

அத்தை குனிந்து ஜாடியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். “இன்னாடி உடற? பாரையைப் பாத்தா எனக்குத் தெரியாது?”

அம்மாதான் பேசினாள். “அவ இன்னா பண்ணுவா அண்ணி? போட்டுக்கறத படிக்கிறா. எழுதுனவன் என்னிக்கு மீன் அறுத்தான்?”

அத்தை கொஞ்சம் யோசித்தாள். பிறகு அவள் முகம் பூரித்துப்போனது. “படிச்சவனுங்க லட்சணத்தப் பாரேன்!” என்று சிரித்து, தூரத்தில் நின்ற காவலாளியைக் கைதட்டிக் கூப்பிட்டாள். “நைனா, இங்க வா. பாரைய போய் வஞ்சிரம்னு எழுதி வச்சிக்கிறீங்க!”

அவர் வந்து, கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, அட்டையைப் படிக்கக் குனிந்தார்.

“ஐயோ, காலு!” என்று அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

காவலாளி அட்டையை விட்டுவிட்டு அவளிடம் ஓடினார். “இங்கல்லாம் குந்தக்கூடாதும்மா, எழுந்திரு.” அம்மா எழுந்திருக்கவில்லை. நன்றாக உடுத்திவந்த குடும்பங்களெல்லாம் திரும்பிப் பார்த்தன. எனக்கு மானமே போனது. கடைசியில் ஆளுக்கொரு கையாகப் பிடித்து அவளை வெளியே கொண்டுவந்தோம்.

“பொண்ணு படிக்குதுதான். அவனுங்க எழுதுனதுதான் தப்பு” என்று அத்தை தீர்ப்புச் சொன்னாள். “நானே சேத்து உடறேன்.”

தெருவுக்கு வந்தபோது எங்கள் பஸ் நகரத் தொடங்கியிருந்தது. அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, எங்கள் இருவரையும் முந்தி ஓடி, படியில் தாவி ஏறி, நிறுத்தச் சொல்லிக் கண்டக்டரிடம் கத்தினாள்.

நான் மூச்சிரைக்க ஏறினேன். பக்கத்தில் எனக்கு இடம் பிடித்துவைத்திருந்தாள். அத்தனை பேர் முன்னால் தரையில் உட்கார்ந்து என்னை அவமானப்படுத்தியவள் பக்கத்தில் உட்காரப் பிடிக்காமல், அத்தையோடு போய் உட்கார்ந்துகொண்டேன்.