நாளுக்கு முப்பத்திரண்டு பேர்

சுபோதினிக்கு ஒரு கேள்வியைக் கேட்டாலே பத்திக்கொண்டு வரும். "மாதம் எத்தனை பேர் வருவினம்?"

கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதியில், மாடி வீட்டு முன்னறையில் ஒரு மடிக்கணினியை வைத்துக்கொண்டு எட்டு வருடமாக அவள் செய்வது அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் வேலைதான். சனம் கூகிளில் என்ன சொல்லைப் போட்டுத் தேடுகிறது, மாதம் எத்தனை தரம் தேடுகிறது என்று பார்ப்பாள். அதில் எத்தனை பேர் ஒரு கடையின் இணையத்தளத்துக்கு வந்து சேருவார்கள் என்று மதிப்பிட்டு எழுதிக் கொடுப்பாள். கூட்டிச் சொல்லத் தெரியாது. அதனாலேயே வேலை கொடுக்க வந்தவர்களில் பாதிப் பேர் நிற்பதில்லை. பல் வைத்தியர் ஒருவர், "நாப்பது பேரோ? நான் வாசல்ல நிண்டு கூப்பிட்டாலே அவ்வளவு பேர் வருவினம்" என்று போனை வைத்தார். "அப்ப போய் நில்லுங்கோவன்" என்று அவள் சொன்னது செத்த போனுக்குத்தான் கேட்டது.

வெள்ளவத்தை நாகேந்திரம் அப்படி ஓடாத ஆள். கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் அவருக்கு ஒரு சமையற்கூடம். செத்தவீடு முடிந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு மரக்கறிச் சாப்பாடு சமைத்துக் கொடுப்பதில் அவருக்கு நல்ல பெயர். பெயர் அவருக்கு, கைப்பக்குவம் மனைவி நேசமலருக்கு. நேசமலர் ரீச்சர். விடிய நான்கு மணிக்குக் கூட்டு வகைகளைத் தாளித்து வைத்துவிட்டு, சேலையை மாற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிற மனுஷி. பென்சனுக்கு இன்னும் ஆறு வருடம் இருந்தது.

பக்கத்துக் கடை காலியானது. சொந்தக்காரர் றவூப் ஹாஜியார், மாதம் முடிவதற்குள் சொன்னால் போதும் என்றார். அதை எடுத்தால் இரண்டாவது அடுப்படி போடலாம். ஆனால் இரண்டு அடுப்படியைப் பார்க்க நேசமலர் வேலையை விட வேண்டும். இரண்டு முடிவையும் நாகேந்திரம் கொண்டுவந்து சுபோதினியின் தலையில் கட்டினார். "நீர் சொல்லும் பிள்ளை. நீர் சொல்லுற நம்பரைப் பாத்துத்தான் கையெழுத்து வைப்பன்."

அவள் பார்த்தாள். 'வெள்ளவத்தை அந்தியேட்டிச் சாப்பாடு' என்று மாதம் தொள்ளாயிரத்து அறுபது தேடல். அவளுக்கே வாய் பிளந்துவிட்டது. இந்த மாதிரிச் சொல்லுக்கு இருபது முப்பது வந்தாலே பெரிது. எங்கிருந்து தேடுகிறார்கள் என்று பார்த்தால் கனடா, லண்டன், சுவிஸ். சரிதானே என்று பட்டது. தாய் தகப்பன் இங்கே தனியாக இருந்து செத்துப் போக, பிள்ளைகள் அங்கேயிருந்து போனில் எல்லாவற்றையும் ஒழுங்கு செய்வது இந்தப் பக்கத்தில் புதினமில்லை. கூகிள் காட்டும் வரிசையில் கடையின் தளம் மூன்றாம் இடத்தில் நின்றது. மூன்றாம் இடத்துக்கு நூறில் பத்துப் பேர் என்று வைத்து, மாதம் தொண்ணூற்றாறு பேர் தளத்துக்கு வருவார்கள், அதில் ஐந்தாறு பேர் ஓடர் தருவார்கள் என்று எழுதி அனுப்பினாள். நாகேந்திரம் வீட்டில் அன்றைக்குப் பாயாசம்.

இரண்டு நாள் கழித்து அவளுக்கு மனம் கேட்கவில்லை. திரும்பவும் திறந்து நாள் நாளாகப் பார்த்தாள். திங்கள் முப்பத்திரண்டு. செவ்வாய் முப்பத்திரண்டு. தீபாவளியன்றும் முப்பத்திரண்டு. சாவுக்கு இவ்வளவு ஒழுங்கு எங்கே இருக்கிறது? இன்னொன்றும் உறுத்தியது. நூறு பேர் தேடினால் பத்துப் பேர் உள்ளே வருவதுதான் வழக்கம். இங்கே தேடிய அத்தனை பேரும் உள்ளே வந்திருந்தார்கள். வந்தவர்களில் ஒருவர்கூட ஓடர் கேட்டுப் போன் எடுக்கவில்லை.

அடுத்த நாளே இரண்டு பஸ் மாறி வெள்ளவத்தைக்குப் போனாள். நாகேந்திரம் தேத்தண்ணியை நீட்டிக்கொண்டிருக்கும்போதே அவருடைய போனில் ஒரு குரல் செய்தி வந்தது. ஸ்காபரோவில் இருக்கும் தமக்கை. "தம்பி, இண்டைக்கும் தேடி அமத்திப்போட்டன். மூண்டாவதா நிக்கிறாய், சந்தோசம்."

சுபோதினி தேத்தண்ணியைக் கீழே வைத்தாள். "அண்ணை, உங்கட குடும்ப வாட்ஸ்அப் குறூப்பில எத்தனை பேர்?"

"முப்பத்திரண்டு பேர். ஏன் பிள்ளை? நான்தான் சொன்னனான், ஒவ்வொரு நாளும் தேடி அமத்துங்கோ, அப்பதான் மேல வரும் எண்டு. ஒருத்தரும் ஒருநாளும் விடேல்லை."

அவருக்கு அதில் பெருமை வேறு. சுபோதினிக்கு அழுவதா கத்துவதா என்று தெரியவில்லை. அவருடைய மச்சாளையும் மருமக்களையும் கூட்டிப் பெருக்கி, சந்தை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது அவள். "அண்ணை, இது உங்கட சொந்தக்காரர். சாப்பாடு வாங்குற ஆக்களில்லை. ரெண்டு கிழமைக்கு ஒருத்தரும் தேடவேண்டாம் எண்டு சொல்லுங்கோ. மிச்சம் எவ்வளவு நிக்குதோ அதுதான் உண்மை. அதுவரைக்கும் கையெழுத்து வைக்காதேங்கோ."

முகம் சுண்டிப்போனாலும் மனுஷன் சொன்னபடி செய்தார். இரண்டு கிழமை முடிந்தது. மொத்தம் பதினொரு தேடல்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்பார்களே, அந்த ஆண்டியாகிப் போனாள் சுபோதினி. "நீர் கை வைக்க முதல் தொளாயிரத்து அறுபது. இப்ப பதினொண்டு. என்ன பிள்ளை செய்தனீர்?" என்று கேட்டார் நாகேந்திரம். அவள் விளங்கப்படுத்தினாள். திரும்பவும் விளங்கப்படுத்தினாள். மூன்றாம் தரம் கடதாசியில் கீறிக் காட்டினாள். "எனக்கு உந்தப் படிப்பெல்லாம் தெரியாது, முந்தி வந்தது இப்ப வரேல்லை" என்பதுதான் அவருடைய முடிவு.

அடுத்த கிழமை அவர் பம்பலப்பிட்டியில் ஜீவராஜ் என்ற ஒருவனைப் பிடித்தார். கழுத்துப்பட்டி கட்டி, ஆங்கிலத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடிக்கிற ஆள். குடும்பம் முழுவதும் நாளுக்கு இரண்டு தரம் தேட வேண்டும் என்று அவன் சொன்னான். ஸ்காபரோத் தமக்கைக்கு நல்ல சந்தோசம். தேடலைக் காட்டும் வரைபடத்தில் கோடு சுவரில் பல்லி ஏறுவதுபோல் ஏறியது. அந்தப் படத்தைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டியிருப்பதாக நாகேந்திரமே போன் எடுத்துச் சொன்னார். "கோவமில்லைதானே பிள்ளை? பக்கத்துக் கடைக்குக் கையெழுத்து வைச்சாச்சு, திறப்பு விழாவுக்குக் கட்டாயம் வாரும்."

கோபமில்லையாம்! அன்றைக்கு முழுவதும் அவள் அந்தப் பல் வைத்தியரையும் ஜீவராஜையும் உலகத்திலுள்ள அத்தனை மச்சாள்மாரையும் திட்டித் தீர்த்தாள். பொய் சொல்லியிருந்தால் வேலை நின்றிருக்கும். உண்மையைச் சொல்லி என்ன கண்டாள்?

திறப்பு விழாவுக்கு நான்கு நாள் இருக்கும்போது, பின்னேரம் நேசமலர் போன் எடுத்தார். குரல் தாழ்ந்திருந்தது.

"சுபோதினி, இவர் குளிக்கிறார். கெதியாச் சொல்லும். உண்மையா எத்தனை பேர்?"

"பதினொண்டு, அக்கா."

"எல்லாரையும் நிப்பாட்டின அந்த ரெண்டு கிழமையில வந்ததோ?"

"ஓம் அக்கா. அதுதான் சரியான நம்பர். உங்களுக்கும் ஓடர்கள் முந்தி மாதிரி ஆளுக்கு ஆள் சொல்லித்தான் வரும். அதுக்கு இப்ப இருக்கிற ஒரு அடுப்படியே காணும்."

மறுபக்கம் பாத்திரம் ஒன்றை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது.

"அதில ஒன்பது நான்" என்றார் நேசமலர். "பள்ளிக்கூடத்தில ஒவ்வொரு நாளும் இன்ரவலுக்குத் தேடினனான். நடுவில ஒரு போயா லீவு வந்தது, இல்லாட்டில் பத்து. ஒண்டுமே வரேல்லை எண்டால் மனுஷன் உடைஞ்சுபோடும் எண்டு பயந்திட்டன்."

சுபோதினிக்குத் திட்டத்தான் வாய் வந்தது. வந்த வார்த்தையை விழுங்கினாள்.

"அக்கா, வேலையை விடுற கடிதத்தை இன்னும் குடுக்கேல்லைதானே?"

"நேற்றுக் குடுத்திட்டன், பிள்ளை."