நாற்பதைத் தாண்டாதவர்

'மேற்படி நபர் அதிவேகப் பிரியர். பிறர் உயிரைத் துச்சமாக மதித்து வாகனம் செலுத்தும் வழக்கமுடையவர்' என்றது போக்குவரத்து அலுவலகத்தின் நோட்டீஸ். மேற்படி நபர் அடுப்படியில் நின்று, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அதை மறுபடியும் படித்தார்.

பெண்களுக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டக் கற்றுத்தரும் அவருக்கு ஊர் வைத்த பெயர் நாற்பது டீச்சர். வேக மீட்டரின் முள் நாற்பதைத் தொட்டால் அவர் கால் தானாக பிரேக்கைத் தேடும். அவருக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட பஸ் டிரைவர்கள் ஹாரனை விட்டுவிட்டுக் கடவுளைக் கூப்பிட்ட காலமும் உண்டு. அதனால்தான், நாற்பதைத் தாண்டக் கூடாத சாலையில் ஐம்பத்திரண்டில் போனதைக் கேமரா பிடித்ததாக முன்பு வந்த இரண்டு நோட்டீஸ்களையும், விலாசம் மாறி வந்தவை என்று தபால்காரரிடமே திருப்பிக் கொடுத்திருந்தார். இது மூன்றாவது. ஒரு வாரத்துக்குள் விளக்கம் தராவிட்டால் லைசென்ஸ் போகும். லைசென்ஸ் போனால் பயிற்சிப் பள்ளியும் போகும்.

"பரவாயில்லையே, இந்த வயசுல உனக்கு ரேஸ் கேக்குதா?" என்றார் கணவர்.

"கேமராவுக்குத்தான் கண்ணு அவிஞ்சு போச்சு. நிரூபிச்சுக் காட்டறேன், பாத்துக்கிட்டே இருங்க."

வண்டிப் பட்டறை வைத்திருந்த தம்பி சிரித்த சிரிப்பில் கையிலிருந்த ஸ்பேனர் விழுந்தது. "நீ அம்பத்திரண்டா? எருமை பறந்துச்சுன்னு சொல்லு, நம்பறேன்." இருந்தாலும் மீட்டர் கேபிளைக் கழற்றி விரலால் சுழற்றிப் பார்த்தான். எங்கும் சிக்கவில்லை. எண்ணெய் விட்டு மாட்டினான். முள்ளும் நடுங்காமல் ஏறியது. "எதுக்கு வம்பு? புது மீட்டர் போட்டுடலாம்க்கா."

"காலுல வலின்னா தலையில தைலம் தேய்ப்பியா? எங்க கோளாறுன்னு முதல்ல தெரியணும்."

கணவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலைக்குப் போனார். கிலோமீட்டர் கற்களை எண்ணுவது கணவரின் வேலை. பத்துக் கல் தாண்டியதும் ஓரமாக நிறுத்திப் பார்த்தால், மீட்டரில் ஓடிய தூரம் எட்டைக்கூடத் தொடவில்லை.

"கல்லைத் தப்பா நட்டிருப்பாங்க" என்றார் டீச்சர்.

"பத்தையுமா?"

முள் மட்டும் குறைத்துக் காட்டினால் பழுது மீட்டருக்குள் என்று கொள்ளலாம். வேகமும் தூரமும் ஒரே அளவில் குறைந்தால், இரண்டும் கீழேயிருந்து வரும் ஒரே பொய்யை நம்புகின்றன என்று பொருள். கீழே இருப்பது, முன்சக்கரத்தின் சுழற்சியைக் கேபிளுக்குக் கொடுக்கும் பல்சக்கரம். போன வருடம் பள்ளத்தில் விழுந்து சக்கரம் வளைந்தபோது, தம்பி வேறொரு வண்டியின் சக்கரத்தைப் பல்சக்கரத்தோடு சேர்த்து மாட்டியிருந்தான். சக்கரம் கச்சிதமாகப் பொருந்தியது. பல்லின் கணக்குதான் பொருந்தவில்லை. சரியான பல்சக்கரத்தைப் போட்டு மறுபடி ஓட்டியபோது பத்துக் கல்லுக்குப் பத்து காட்டியது. கேமராவைக் குற்றவாளியாக்கப் புறப்பட்டவர் தன்னையே கையும் களவுமாகப் பிடித்துவிட்டார்.

"ஒரு வருஷமா வீட்டுக்குச் சீக்கிரம் வந்து சேர்றோமேன்னு பாத்தேன். சரி, நீ திருந்திட்டேன்னு நினைச்சேன்" என்றார் கணவர்.

தம்பி குரலைத் தாழ்த்தினான். "இப்ப மீட்டர் சரியா இருக்குல்ல? ஆபீஸ்ல இதையே ஓட்டிக் காட்டு. பழி கேமரா மேல போகட்டும். விஷயம் நம்ம மூணு பேரோட முடிஞ்சுது."

யோசனை மோசமில்லை, டீச்சரே தலையை ஆட்டப் போனார். ஆனால் அவருடைய பாடமுறை நடுவில் வந்து நின்றது. புதிதாகக் கற்பவரை முதலில் இதே வண்டியில் முள் நாற்பதில் நிற்கும்படி ஓட்டச் செய்து, "இதுதான் நாப்பது. காதுல வாங்கிக்கோ, உடம்புல வாங்கிக்கோ" என்பார். பிறகு, கண் சாலையிலேயே இருக்கட்டும் என்று மீட்டரைத் துணியால் மூடிவிடுவார். பிறருக்கு மூடியவர் தன் கண்ணை மட்டும் அதிலிருந்து எடுத்ததில்லை என்பது தனிக்கதை.

"அந்தச் சக்கரத்துல கத்துக்கிட்டவங்க எல்லாம் இப்ப எந்த நாப்பதுலடா போவாங்க?"

"அவங்க வண்டியில மீட்டர் இருக்குமேக்கா."

"அதைப் பாக்காதன்னு அடிச்சு அடிச்சுச் சொன்னதே நான்தானேடா!"

மறுநாள் அலுவலகத்துக்குப் போய், கேமரா காட்டியது சரி, வேகமாகப் போனது நான்தான் என்று எழுதிக் கையெழுத்திட்டார். அதிகாரிகள் லைசென்ஸை ஒரு மாதம் நிறுத்திவைத்தார்கள். அந்த மாதம் முழுக்க, அந்தச் சக்கரத்தில் பயின்ற பெண்கள் ஒவ்வொருவரையும் அவரவர் வண்டியோடு மைதானத்துக்கு வரவழைத்து, தரையில் நின்றபடியே, நாற்பது எது என்று முதலிலிருந்து கற்றுக்கொடுத்தார்.