எங்கள் லைனின் பன்னிரண்டு புள்ளிகள்

பெங்களூரில் ஒரு கல்லூரியில் சிமுலேஷன் சொல்லிக்கொடுப்பது என் வேலை. கம்ப்யூட்டருக்குள் ஒரு சின்ன ஊரை உண்டாக்கி, ஆளுக்கு ஒரு புள்ளி வைத்து, ஒவ்வொரு புள்ளிக்கும் இரண்டு மூன்று விதிகளை மட்டும் கொடுத்து ஓடவிடுவோம். யாரும் திட்டமிடாமலே கூட்டம் நெரியும், நோய் பரவும், தெரு காலியாகும். எப்படி என்று பார்ப்பதுதான் பாடம்.

தெரு காலியாவதைக் காட்ட ஓர் உதாரணம் தேவைப்பட்டது. கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸில் நான் பிறந்து வளர்ந்த லைனையே எடுத்துக்கொண்டேன். சுரங்கத் தொழிலாளர்களுக்காக ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டிய பன்னிரண்டு வீடுகள். அப்பா இறந்த பிறகு அம்மாவை நான் பெங்களூருக்கு அழைத்து வந்துவிட்டேன். லைனில் முதலில் பூட்டு விழுந்தது எங்கள் வீட்டில்தான். அடுத்த சில வருடங்களில் மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். கடைசியில் மிஞ்சியவர் பக்கத்து வீட்டு ஆன்ட்டி. கணவர் இல்லை. ஒரே மகள் கோலார் நகரத்தில் குடித்தனம்.

இங்கே வீட்டுக்கு ஒரு புள்ளி, வீடு பூட்டினால் அது அணையும். விதி எளிது. இத்தனை வீடு பூட்டினால் நாங்களும் கிளம்புவோம் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் எண். எண்களை நானே உத்தேசமாகப் போட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா காபி கொண்டுவந்தவள் திரையைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"இன்னாடி இது, கலர் கலரா?"

வேலை நன்றாக வந்திருந்த சந்தோஷத்தில் எல்லாவற்றையும் விளக்கினேன். அம்மா ஓரத்துப் புள்ளியில் விரலை வைத்தாள்.

"இது நம்ம ஊடா? நாம வராம அங்கியே இருந்திருந்தா?"

ஏதாவது சொல்லிப் பேச்சை மாற்றியிருக்கலாம். மாற்றவில்லை. எங்கள் வீடு கிளம்பவே கிளம்பாது என்று எண்ணைத் திருத்தி, இருபது தடவை ஓடவிட்டேன். பெரும்பாலும் ஏழெட்டுப் புள்ளிகள் அணையாமல் நின்றன.

"நம்மாலதான்" என்றாள் அம்மா.

"இல்லம்மா, அது நான் போட்ட நம்பரு. வேற நம்பர் போட்டா வேற மாதிரி வரும்." வேறு எண்களைப் போட்டும் காட்டினேன். அவள் பார்க்கவில்லை.

நான்கு நாள் கழித்துப் பையில் புடவைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். எனக்குக் கோபம் வந்தது. "கம்ப்யூட்டர் சொல்லிச்சின்னு கிளம்பறியா?"

"கம்ப்யூட்டர் இன்னா சொல்றது? எனக்கே தெரிஞ்சதுதான் அது. அவ அங்க ஒண்டியா கீறா."

நான்தான் கொண்டுபோய் விட்டேன். ஆன்ட்டி அம்மாவைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் அழுதார். சந்தோஷத்தில் அழுகிறார் என்று நினைத்தேன். வீட்டைக் கூட்டிக் கழுவி, அடுப்பு பற்றவைத்துக் கொடுத்துவிட்டு, நிம்மதியாகவே ரயில் ஏறினேன்.

மூன்று வாரம் கழித்து ஆன்ட்டியின் மகள் போன் செய்தாள். "அக்கா, கோச்சிக்காதீங்க. எங்கம்மாவ இங்க கூட்டிக்க ரெண்டு வருசமா கெஞ்சிக்கினு இருந்தேன். இப்பத்தான் சரின்னாங்க. மூட்டைகூட கட்டி வெச்சிட்டாங்க. அந்த வாரம் பாத்து உங்கம்மா வந்துட்டாங்க. எனக்காக வந்தவள உட்டுட்டு எப்டி வர்றதுன்றாங்க. எங்கம்மாவுக்கு பி.பி. எவ்ளோ ஏறுதுன்னு உங்களுக்குத் தெரியுமாக்கா?"

எனக்கு ஒன்றும் தெரியாது. கேட்டதும் இல்லை. என் புள்ளிகளுக்கு, இன்னொருவருக்காகத் தங்கிவிடும் விதி எதையும் நான் எழுதியிருக்கவில்லை.

உடனே போயிருக்க வேண்டும். விடைத்தாள்கள் குவிந்திருந்தன. அம்மாவிடம் இதை நேரில்தான் சொல்ல வேண்டும், அடுத்த வாரம் போய்க்கொள்ளலாம் என்று இருந்தேன். அதற்குள் ஒரு நாள் காலையில், துணி காயப்போடும்போதே ஆன்ட்டி சரிந்து விழுந்தார். கூப்பிட்டால் வர லைனில் வேறு யாரும் இல்லை. அம்மா செருப்புகூடப் போடாமல் மெயின் ரோடுவரை ஓடி, ஓர் ஆட்டோவை மறித்துக் கூட்டிவந்திருக்கிறாள். அவளுக்கே முட்டிவலி.

கோலார் ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது, விழுந்து எவ்வளவு நேரம் கழித்துக் கொண்டுவந்தீர்கள் என்று டாக்டர் அம்மாவைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. திரும்பத் திரும்ப "உடனேதான் சார், உடனேதான்" என்றாள். மகள் போனில் சொன்னதை வராந்தாவில் வைத்து அம்மாவிடம் சொன்னேன்.

"மூட்டை கட்டி வெச்சிருந்தாளா?" என்றாள். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே. சொல்லியிருந்தா அன்னிக்கே உன்கூட திரும்பியிருப்பேனே."

ஆன்ட்டி பிழைத்துக்கொண்டார். வலது கை அசைவதில்லை, பேச்சு குழறுகிறது. இப்போது மகள் வீட்டில் இருக்கிறார். அம்மா என்னோடு இருக்கிறாள். லைனில் பன்னிரண்டு வீடும் பூட்டிக் கிடக்கின்றன. வகுப்பில் நான் இப்போது கற்பனையான ஒரு தெருவைக் காட்டுகிறேன். எங்கள் லைனை வைத்துக் காட்டிய பழைய உதாரணத்தில் தவறே இல்லை என்பார்கள் என் துறைக்காரர்கள். எனக்கும் தெரியும்.

மாதம் ஒருமுறை அம்மாவைக் கோலாருக்கு அழைத்துப் போகிறேன். ஆன்ட்டியின் மகள் என் அம்மாவிடம் நன்றாகப் பேசுவாள். என் முன்னால் காபி டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். போன முறை ஆன்ட்டி இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்து ஏதோ சொன்னார். இரண்டு தடவை சொல்லியும் எனக்குப் புரியவில்லை.

"சாப்டியான்னு கேக்கறா" என்றாள் அம்மா.

சாப்பிட்டேன் ஆன்ட்டி என்றேன். அன்று காலையிலிருந்து நான் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை.