டவுன்லோட்ஸில் கிடந்த குரல்

என் வேலையே பேக்கப் எடுப்பதுதான். யார் யாருடைய தகவல்களோ தொலையாமல் பார்த்துக்கொள்ள எனக்குச் சம்பளம் தருகிறார்கள். திரும்ப எடுத்துப் பார்க்காத பேக்கப்பை நம்பாதீர்கள் என்று ஜூனியர்களிடம் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். வீட்டில் மட்டும் அந்தப் புத்தி வேலை செய்யவில்லை.

என் மனைவி செகந்திராபாத்தில் எங்கள் தமிழ்ச் சபையின் பாடகர் குழுவில் ஆல்டோ, அதாவது பெண்களின் கீழ்க்குரல் பகுதி, பாடியவள். நோய் முற்றி சர்ச்சுக்குப் போக முடியாமல் ஆனபோது, மகளுக்காக அந்த ஆல்டோ பகுதிகளைப் போனில் பாடிப் பதிவு செய்தாள். மகள் இங்கேயே படித்தவள். தமிழ் புரியும், வாசிக்க வராது. கேட்டுத்தான் கற்க வேண்டும். மொத்தம் இருபத்தோரு பாட்டுகள். நடுநடுவே இருமல் வரும். "இந்த எடத்துல இழுக்காதட்டி, மூச்ச விடு" என்று சொல்லிவிட்டு மறுபடி பாடுவாள். பாடி முடித்ததும் ஒவ்வொன்றையும் மகளின் போனுக்கும் என் மேக் லேப்டாப்புக்கும் அனுப்புவாள்.

இறந்துபோனவர்களின் பொருட்களை முதல் கிறிஸ்துமஸுக்குள் கொடுத்துவிடுவது எங்கள் குடும்ப வழக்கம். சேலைகளோடு அவள் போனையும் சுத்தமாக அழித்து, சர்ச்சில் வேலை செய்யும் ஒரு அம்மாவுக்குக் கொடுத்தேன். பாட்டுகள் மேக்கில் இருக்கின்றன, மேக்குக்கு வெளி டிஸ்க்கில் பேக்கப் இருக்கிறது என்ற தெம்பு.

அடுத்த மழைக்காலத்தில், உப்பல் போகும் பஸ்ஸில், மேக் இருந்த என் பைக்குள்ளேயே தண்ணீர் பாட்டிலின் மூடி கழன்றுவிட்டது. ரிப்பேர் கடைக்காரர் மேக்கைத் திறந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "போர்டு கயா சாப். பேக்கப் ஹை நா?" போர்டு போய்விட்டது, அதோடு உள்ளே இருந்ததெல்லாம் போச்சு; பேக்கப் இருக்கிறதா என்கிறார்.

"ஹவ்" என்று தலையாட்டினேன், கொஞ்சம் திமிராகவே.

புது மேக் வாங்கி டிஸ்க்கைச் செருகினேன். என் பயோடேட்டாவின் பதினான்கு பிரதிகளும் பத்திரமாக வந்தன. வருமான வரிக் காகிதங்கள் வந்தன. டவுன்லோட்ஸ் ஃபோல்டர் வரவில்லை. டிஸ்க் சின்னது, டவுன்லோட்ஸில் குப்பைதானே கிடக்கும் என்று எப்போதோ நானே அதை பேக்கப்பிலிருந்து விலக்கி வைத்திருந்தேன். போனிலிருந்து நேராக அனுப்புவதெல்லாம் அங்கேதான் போய் விழும். அவள் பாடியதெல்லாம் அங்கேதான் கிடந்தது. இது தெரியாதவனா நான்? என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மகள் அதுவரை நான்கு பாட்டுகள்தான் கற்றிருந்தாள். இரண்டு நாள் அவளிடம் சொல்லாமல் கோழையைப் போல இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழுப் பயிற்சிக்குக் கிளம்பியவளை வாசலில் நிறுத்திச் சொன்னேன்.

"என் ஃபோன்ல எல்லாமே இருந்துச்சு டாடி" என்றாள். "ஸ்டோரேஜ் ஃபுல் ஆனப்ப நீங்கதான் சொன்னீங்க, மேக்ல இருக்கு, டெலீட் பண்ணிடுன்னு."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மாட்டிய செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனாள். அதன்பின் அவள் பாடகர் குழுவுக்குப் போகவே இல்லை. போ என்று நானும் சொல்லவில்லை. எந்த வாயால் சொல்வது?