பாலத்துக்காரர் படகில் போன நாள்

வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ளும் நர்ஸ் நான். காலையில் உள்ளே நுழையும்போதெல்லாம் பாலத்துக்காரர் கையில் ஸ்பேனரோடுதான் உட்கார்ந்திருப்பார். நடப்பதற்கென்று வாங்கிக் கொடுத்த வாக்கரை மடியில் கவிழ்த்துப் போட்டு, திருகுகளைக் கழற்றித் துடைத்து, கிரீஸ் தடவி, மறுபடி முடுக்குவார். அந்த வாக்கர் நடந்ததைவிடப் பழுது பார்க்கப்பட்டதுதான் அதிகம். சக்கரம் கழன்று கிடக்கும் வாக்கரை வைத்துக்கொண்டு யாரும் அவரை நடக்கச் சொல்ல முடியாதே. அதுதான் அவர் கணக்கு.

வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து, எலும்பு நன்றாகவே கூடியிருந்தது. ஆனால் நாற்காலியிலிருந்து எழ மட்டும் முடியவில்லை. கைகளை ஊன்றுவார், முன்னால் சாய்வார், முகம் வெளிறிவிடும், பொத்தென்று உட்கார்ந்துவிடுவார். இடுப்பில் ஒரு பட்டையைக் கட்டி நான் தூக்கிவிட்டால்தான் எழுவார். இந்த வேலையில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். எலும்பு சீக்கிரம் தேறிவிடும். பயம் தேற நாளாகும்.

அந்த வீட்டில் நாள்தான் இல்லை. என் வேலை அந்த வாரத்தோடு முடிகிறது. அவருடைய மனைவிக்கு முதுகு வளைந்துவிட்டது. அவரைத் தூக்க அந்த அம்மாவால் ஆகாது. வெளியூரில் இருக்கும் மகள் வந்து பார்த்து முடிவு செய்வதாகச் சொல்லியிருந்தாள். அப்பா தானாக எழுந்தால் இருவரும் இதே வீட்டில் இருக்கலாம். இல்லையென்றால் அவர் முதியோர் இல்லத்துக்கு, அம்மா மகளுடைய ஒற்றை அறை வீட்டுக்கு. மகளை நான் குறை சொல்ல மாட்டேன். ராத்திரியில் அவரைக் கழிவறைக்குக் கூட்டிப்போக ஒருவர் வேண்டுமே.

மகள் வருவதற்கு முந்தின நாள் அந்த அம்மா என் கையில் சுற்றுலாப் படகு டிக்கெட்டைத் திணித்தார். எனக்கும் சேர்த்தே வாங்கியிருந்தார். இந்த நிலைமையில் படகா என்று கேட்டேன்.

"ஊரே படகுல சுத்திப் பார்த்துச்சு. நாங்க பாலத்தத் திறந்து விட்டுட்டு நின்னோம். எங்களப் பிரிச்சு வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை நானும் உக்காந்து போறேனே."

பட்டையை எடுத்துக்கொண்டேன்.

ஊரின் நடுவில் ஓடும் பெரிய வாய்க்காலுக்குக் குறுக்கே ஒரு தூக்குப் பாலம். உயரமான படகு வளைவில் திரும்பும்போது ஒரு நீளச் சத்தமும் இரண்டு குட்டைச் சத்தமும் கொடுக்கும். அந்தச் சத்தம் கேட்டதும் தெருவை மறித்து, சக்கரத்தைச் சுற்றிப் பாலத்தைத் தூக்குவதுதான் ஓய்வு பெறும்வரை அவர் வேலை. பாலத்தை ஒட்டிய அறைக்கு மேல்மாடியில்தான் அப்போது குடித்தனம். கல்யாணமான புதிதில் அந்த அம்மா கூச்சம் விட்டு ஏதோ பேச வாயெடுத்தாராம். சத்தம் கேட்டது, இவர் எழுந்து போய்விட்டார். திரும்பி வருவதற்குள் சொல்ல வந்தது மறந்துவிட்டது.

"என்ன சொல்ல வந்தேன்னு இவர் இன்னைக்கு வரைக்கும் கேக்கல" என்றார் அந்த அம்மா, படகுத்துறைக்குப் போகும் வழியில்.

"நீ அன்னைக்கு ஆரம்பிச்சு இன்னும் நிறுத்தலியேம்மா. அதுல எதுன்னு நான் தேடறது?"

படகுக்காரரும் நானுமாக அவரை மேல்தட்டில் ஏற்றி உட்கார வைத்தோம். அவர் மனைவி ஒரு பக்கம், பட்டையைப் பிடித்துக்கொண்டு நான் ஒரு பக்கம். ஒலிபெருக்கியில் ஒரு பெண் எந்தக் கிடங்கை யார் கட்டினார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். இருவரும் அதைக் காதில் வாங்கவில்லை. பாசி பிடித்த படிகளையும், மூட்டை தூக்கக் கூரையடியில் மாட்டிய இரும்புக் கொக்கிகளையும் பார்த்துக்கொண்டு வந்தார்கள். அவருக்கு ஒன்றும் அடையாளம் தெரியவில்லை. வாழ்நாளெல்லாம் மேலேயிருந்து பார்த்தவர். வழுக்கையும் தொப்பியும் குடையும்தான் தெரிந்த முகங்கள் என்றார்.

ஒரு பழைய சாயப்பட்டறையைக் கடந்தபோது அந்த அம்மா அவர் கையைத் தட்டினார். பட்டறை ஓடிய காலத்தில் வாய்க்கால் ஒருநாள் நீலமாக ஓடுமாம், ஒருநாள் சிவப்பாக. மகள் பள்ளிக்கூடத்தில் வரைந்த படத்தில் தண்ணீருக்குச் சிவப்பு அடித்துவிட்டு, டீச்சரிடம் திட்டு வாங்கி அழுதுகொண்டு வந்தாளாம். இவர் மறுநாள் போய், எங்கள் வீட்டுத் தண்ணீர் சிவப்புதான் என்று டீச்சரிடம் சொல்லிவிட்டு வந்தாராம். அதைச் சொல்லி இருவரும் சிரித்தார்கள்.

படகு வளைவில் திரும்பியது. "நர்ஸம்மா, அதோ எங்க ஜன்னல்" என்று அந்த அம்மா கை நீட்டினார். பட்டையை விட்டுவிட்டு நானும் திரும்பினேன்.

எங்கள் படகு சத்தம் கொடுத்தது. ஒரு நீளம், இரண்டு குட்டை.

பாலத்துக்காரர் எழுந்து நின்றார்.

யாரும் தொடவில்லை. அசைகிற தட்டில் இரண்டு காலிலும் சமமாகப் பாரம் போட்டு, வலது கையை அங்கே இல்லாத சக்கரத்துக்கு நீட்டிக்கொண்டு நின்றார். பின்னாலிருந்தவர், மறைக்கிறது, உட்காருங்கள் என்றார்.

"படகு வருது" என்றார் இவர்.

"படகு வரலீங்க" என்றார் மனைவி மெதுவாக. "நாமதான் படகுல வர்றோம்."

அப்போதுதான் குனிந்து தன் காலைப் பார்த்தார். பார்த்ததும் முகம் வெளிறிப் பொத்தென்று உட்கார்ந்தார். எங்கேயோ ஓர் அலுவலகத்தில் யாரோ பொத்தானை அமுக்க, பாலம் தானாகத் தூக்கிக்கொண்டது. அதன் கீழே போகும்போது அண்ணாந்து பார்த்தபடியே வந்தார்.

"கிரீஸ் போட்டு ரொம்ப நாளாச்சு."

அந்த அம்மா ஜன்னலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். அங்கே இப்போது திரை இல்லை, துடைப்பக்கட்டைகளைச் சாய்த்து வைத்திருந்தார்கள்.

சாயங்காலம் வீட்டில் எழச் சொன்னேன். முடியவில்லை. பட்டையைக் கட்டித்தான் தூக்கினேன். அந்த அம்மாவிடம் ஒளிக்காமல் சொன்னேன்: காலில் பலம் இருக்கிறது, பயம் திரும்பி வந்துவிட்டது, நாளைக்கும் இப்படித்தான் இருக்கும். அந்த அம்மா படகுக்குக் கொண்டுபோன ஃபிளாஸ்க்கைக் கழுவினார்.

மறுநாள் காலை மகள் வந்தாள். அப்பாவுக்கு எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "எழுந்திருங்கப்பா, பார்ப்போம்" என்றாள். அவர் கைகளை ஊன்றினார், சாய்ந்தார், உட்கார்ந்தார். மறுபடியும் அதே. மகள் என்னைப் பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

சமையலறையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. தொண்டை கட்டிய வாத்து கத்துவதுபோல ஒரு நீளம், இரண்டு குட்டை.

அவர் எழுந்துவிட்டார். நின்றுகொண்டே சமையலறையைப் பார்த்து, "ரெண்டாவது சத்தம் இவ்வளவு நீளமா இருக்கக் கூடாதும்மா" என்றார்.

"நீளத்த அளக்கறது உங்க வேலை இல்ல. திறந்து விடறதுதான் உங்க வேலை" என்றார் அந்த அம்மா உள்ளேயிருந்து.

மகள் விவரமானவள். அப்பாவை உட்கார வைத்து, சத்தம் இல்லாமல் இன்னொரு தடவை எழச் சொன்னாள். இந்தத் தடவை தன் காலைப் பார்த்துக்கொண்டேதான் எழுந்தார். முனகினார், நேரம் எடுத்துக்கொண்டார், ஆனால் எழுந்தார். வாக்கரின் சக்கரம் வழக்கம்போல் கழன்று கிடந்தது. மகள் அதை மாட்டித் தரும் வரை அப்படியே நின்றார்.

நான் பட்டையைச் சோப்புப் போட்டு அலசிக் கொடியில் காயப்போட்டேன். அடுத்த வீட்டுக்கு அது வேண்டும்.